ஏற்காட்டு வீட்டுக்கு ஒரு சில்வர் ஓக் டீப்பாய்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நிற்கிறதே, அந்தச் சில்வர் ஓக்கில் அழகான டீப்பாய் செய்யலாம். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகையாகக் கேளுங்கள். அதில்தான் வலைப்பின்னல் ரேகை தெரியும். அதன்மேல் சன்மைக்கா ஒட்டுவது பாவம்!

பச்சைப் பலகை வேண்டாம். ஈரம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், மீட்டர் வைத்துப் பாருங்கள். சேலம் வெயிலில் காய்ந்த பலகை மலைப்பனியில் அகலவாக்கில் உப்பும். அதனால் மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக்கூடாது; சட்டத்தில், மேற்பலகையின் நீளவாக்கில் ஓடும் ரேகைக்குக் குறுக்காக நீளத்துளை போட்டு ஸ்க்ரூவில் பிடிக்க வேண்டும். ஒட்டினால் விரிசல் நிச்சயம்.

உப்புத்தாள் முதலில் 120 நம்பர், பிறகு 220 நம்பர். பாலிஷ் அடிப்பக்கத்துக்கும் உண்டு. ஆசாரிகள் பலர் விட்டுவிடுவார்கள். ஒருபக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்துவிடும்.