அம்மாவோட பிடி அரிசியும் டோர்னக்கல் கோயிலும்

எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல மெஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காட்டு செம்மண் பூமி. சின்ன வயசுல காலையில கண்ணு முழிக்கும்போது அடுப்படியில அம்மா அரிசி அளக்குற சத்தம் தான் மொத கேக்கும். உலையில போட அளந்து வச்ச அரிசியில இருந்து ஒரு பிடி திரும்ப எடுத்து பக்கத்துல இருக்குற ஓலைப்பெட்டியில போடுவாங்க, அப்போ உதடு மட்டும் லேசா அசையும், ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு. ஞாயித்துக்கிழமை அந்த அரிசி கோயிலுக்கு, அதான் சர்ச்சுக்கு, காணிக்கையா போயிரும். பானை அடி தெரியுற நாள்லயும் அந்த பிடி மட்டும் நிக்காது. நமக்கே பத்தலயேம்மான்னு ஒரு தடவ கேட்டதுக்கு, "அவரு குடுத்ததுல தானட்டி எடுக்கேன்"னு சொல்லிட்டு அடுப்பை ஊத போயிட்டாங்க.

இத இப்ப எழுத காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன். ஐசியூ வாசல்ல உக்காந்துக்கிட்டு ஆண்டவரே இவங்கள பிழைக்க வச்சிருங்க, இவ்வளவு காணிக்கை போடுறேன்னு பொருத்தனை பண்ணேன். கர்த்தர் இரங்கினாரு, வீட்டுக்கு நல்லபடியா கூட்டிட்டு வந்துட்டேன், சொன்ன பணத்தையும் மறுவாரமே போன்லயே சபைக்கு அனுப்பிட்டேன். ஆனா அனுப்புன பிறகு மனசு நிறையல, ஏதோ கடைக்காரருக்கு பாக்கி அடைச்ச மாதிரி தான் இருந்துச்சு. கர்த்தர் எனக்கு செஞ்ச உபகாரத்துக்கெல்லாம் அவருக்கு என்னத்த செலுத்துவேன்னு சங்கீதம் 116-ல வருமே, அத வாசிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

அப்போ தான் இவங்க, டோர்னக்கல் போயிட்டு வருவோமா, உங்க அம்மா அரிசி போன ஊரு தானன்னு கேட்டாங்க. விஷயம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். எங்க ஊருக்கு பக்கத்துல இருக்குற வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்தவரு அசரியா ஐயர், பாதிரியார தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம். 1903-ல திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்போ அதுக்கு முன்னாடி நின்னவங்கள்ல அவரும் ஒருத்தரு. வெளிநாட்டு பணம் வேண்டாம், நம்ம காசு, நம்ம ஆளு, நம்ம நிர்வாகம்னு தான் தொடங்குனாங்க. பனையேறி பிழைக்கிற குடும்பம் நெறஞ்ச பூமியில ஏது காசு, வீட்டு வீட்டுக்கு பொம்பளைங்க எடுத்து வச்ச பிடி அரிசி தான் காசாச்சு. அந்த காசுல தான் தெலுங்கு தேசத்துக்கு சுவிசேஷம் சொல்ல ஊழியக்காரங்க போனாங்க, 1909-ல அசரியாவே டோர்னக்கலுக்கு போயிட்டாரு. 1912-ல அங்க பிஷப், இங்கிலாந்து திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கன் சபையில மொத இந்திய பிஷப்.

சென்னையில ரயில் ஏறி விஜயவாடா, கம்மம் தாண்டி டோர்னக்கல் ஜங்ஷன்ல எறங்கினோம், இப்ப தெலங்கானாவுல மகபூபாபாத் மாவட்டம். கோயில பார்த்ததும் ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். எங்க ஊரு கோயில் மாதிரி ஊசிக்கோபுரம் இல்ல, மசூதி மாதிரி மினாரும் குமிழும், உள்ள போனா நம்ம பக்கத்து மண்டபம் மாதிரி கல்தூண் வரிசை. வெளிநாட்டு கோயில் மாதிரி இருக்கக்கூடாது, இந்த மண்ணுல முளைச்ச மாதிரி இருக்கணும்னு அசரியா ஆசைப்பட்டு கட்டுனது, பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எழும்பி 1939 ஜனவரி 6-ல தான் பிரதிஷ்டை ஆச்சு. அங்க சபையில சேந்தவங்கள்ல பெரும்பாலும் மாலா, மாதிகான்னு சொல்லுற தலித் ஜனங்க, சொந்த நிலம் இல்லாத கூலிக்காரங்க. அவங்களயும் பிடி அரிசி எடுத்து வைக்க பழக்குனாரு அவரு. ஏழைகிட்ட வாங்கலாமான்னு எனக்கும் ஒரு காலத்துல தோணிருக்கு, ஆனா நீ வாங்குறவன் மட்டும் தான்னு ஒருத்தர ஒதுக்கி வைக்கிறத விட பெரிய அவமானம் இல்லன்னு இப்ப நினைக்கிறேன்.

நாங்க போன ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆராதனை தெலுங்குல, எனக்கு ஆமென், அல்லேலூயா தவிர ஒண்ணும் புரியல, ஆனா காணிக்கை நேரம் வந்ததும் எல்லாம் புரிஞ்சுச்சு. நெல்லு, பூசணிக்காய், முட்டை, காலு கட்டுன சேவல்னு வரிசையா வருது. ஒரு வயசான அம்மா, செருப்பு இல்லாத காலு, முந்தானையில மிளகாய் வத்தல கட்டி எடுத்துட்டு வந்தாங்க. மிளகாய் வெளையுற பூமி அது, ஆஞ்சு ஆஞ்சு விரல் நுனியெல்லாம் செவந்து கெடக்கு. முடிச்ச அவுத்து கொட்டிட்டு, முந்தானைய உதறி பார்த்தாங்க, நூல்ல ஒரே ஒரு வத்தல் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதையும் பொறுமையா எடுத்து அந்த குவியல் மேல வச்சாங்க, வச்சிட்டு சிரிச்சாங்க பாருங்க, அந்த சிரிப்புக்கு முன்னாடி நான் போன்ல அனுப்புன தொகை ஞாபகம் வந்து அழுதுட்டேன். ஆராதனை முடிஞ்சு காணிக்கையா வந்த பொருளையெல்லாம் ஏலம் விடும்போது அவங்க பக்கத்துல போய் மிளகாயை காட்டி கும்பிட்டேன். "தேவுடு இச்சாடம்மா"ன்னாங்க, தேவன் குடுத்தாரும்மான்னு அர்த்தம். எங்க அம்மா அடுப்படியில சொன்ன அதே வார்த்தை, அம்மா டோர்னக்கலை பார்த்ததே கிடையாது.

அந்த மிளகாய்ல கொஞ்சம் ஏலத்துல எடுத்தோம், அசரியா கல்லறைகிட்ட போய் ஜெபம் பண்ணிட்டு ரயில் ஏறினோம். திரும்பி வரும்போது இவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் தான் ஆஸ்பத்திரியில அந்த ராத்திரி உனக்கு யாரு டீ வாங்கி குடுத்தாங்கன்னு கேட்டாங்க. யாரோ ஒரு பேஷன்ட்டோட அக்கா, பேரு கூட கேக்கல, என் கைப்பைய அவங்க பார்த்துக்கிட்டு நீ கொஞ்சம் தூங்கும்மான்னாங்க, அத நான் சபையில சாட்சி சொல்லும்போது கூட ஒரு தடவயும் சொன்னதில்ல.

இப்ப வியாழக்கிழமை தோறும் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல, நோயாளிக்கு துணைக்கு வந்தவங்களுக்கு கஞ்சியும் சுடுதண்ணியும் குடுக்குறோம், வீட்டுல ஆக்குறது தான். அரிசி அளக்கும்போதே ஒரு பிடி எடுத்து வச்சிருவேன், அம்மாவோட ஓலைப்பெட்டி இத்துப்போச்சு, இப்ப ஒரு எவர்சில்வர் டப்பா. போன வாரம் ஒரு பாட்டி கஞ்சி குடிச்சிட்டு டம்ளர குடுக்கவே இல்ல, எங்க போனாங்கன்னு பார்த்தா குழாயடியில உக்காந்து எல்லாரோட டம்ளரையும் வாங்கி வாங்கி கழுவிக்கிட்டு இருக்காங்க.