புரூக்ஸ் மலைத்தொடரில் நாளைக்குப் பத்து கிலோமீட்டர்

அலாஸ்காவின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது புரூக்ஸ் மலைத்தொடர். அதன் நடுவில் கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா. 1980-ல் உருவானது, அதனோடு சேர்ந்த காப்பகத்தையும் கூட்டினால் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். உள்ளே சாலை இல்லை, போட்டு வைத்த நடைபாதை இல்லை, அம்புக்குறிப் பலகை இல்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. கிழக்கே உள்ள ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடமும் இதே ரகம்தான்.

இங்கே வழிகாட்டியோடு எட்டு, பத்து நாள் நடக்கப் பணம் கட்டுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கரடியைப் பற்றித்தான். கரடிக்கு வருவோம். அதற்கு முன் தூரம். நாளைக்கு ஆறு மைல், அதாவது 10 கிலோமீட்டர் போனாலே இங்கே நல்ல நடை. பாதையுள்ள மலைகளில் 20, 25 கிலோமீட்டர் சர்வசாதாரணமாகப் போகிறவர்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. ஆனால் எத்தனை நாள் சாப்பாடு, எவ்வளவு எரிபொருள், விமானம் எங்கே என்றைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. விளம்பரத்தில் நாளைக்கு 18 கிலோமீட்டர் என்று எவராவது போட்டிருந்தால், அவர் வரைபடத்தில் நூல் வைத்து அளந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் குறைப்பது ஏற்றம் அல்ல, தரை. பள்ளத்தாக்கின் அடிவாரங்களில் பருத்திப்புல் கொத்துக் கொத்தாக வளர்ந்து, ஒவ்வொரு கொத்தும் முழங்கால் அளவுக்குத் திரண்டு நிற்கும். இதைத்தான் டஸ்ஸக் என்கிறார்கள். மெத்தை மேல் பானைகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் மீது நடக்கச் சொன்னது போல இருக்கும். உச்சியில் கால் வைத்தால் கொத்து சாயும், கணுக்கால் மடங்கும். இடையில் வைத்தால் தண்ணீரும் சேறும். அடியில் நிரந்தர உறைநிலம் இருப்பதால் நீர் கீழே வடிய வழியில்லை, மேலேயே தேங்கி நிற்கிறது. முதுகில் 22 கிலோவோடு இதில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் அதிகம். இரண்டு கைகளிலும் நடைக்கோல் வேண்டும். ஒரே கோல் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் முதல் நாள் மாலையே மனம் மாறுவார்கள்.

அடுத்த தொல்லை புதர். ஓடைக்கரைகளில் வில்லோ, மலைச்சரிவின் இடுப்புப் பகுதியில் ஆல்டர். ஆல்டரின் கிளைகள் பனிப் பாரத்தில் கீழ்நோக்கி வளைந்தே வளர்ந்தவை. சரிவில் ஏறுகிறவரின் மார்புக்கு நேரே அவை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பைக்கு வெளியே கட்டிய பாயை உருவும், தண்ணீர் பாட்டிலைப் பறிக்கும், கரடி ஸ்பிரேயின் (கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்த் தெளிப்பு) பாதுகாப்புக் கொக்கியைக்கூடக் கழற்றிவிடும். ஆகவே பைக்கு வெளியே எதுவும் தொங்கக் கூடாது. இந்த மலைகளில் வழி எடுப்பதன் அடிப்படை விதி ஒன்றுதான்: ஒன்று, ஆற்றின் கூழாங்கல் திட்டிலேயே கீழே போக வேண்டும். இல்லையென்றால் புதர் முடியும் கோட்டுக்கு மேலே ஏறிவிட வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் அரை நாள் போச்சு. மேலே ஏற 200 மீட்டர் கூடுதல் ஏற்றம் என்றாலும் ஏறிவிடுவதே லாபம். கரிபு மான் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து போட்ட தடங்கள் மேலேதான் இருக்கும். அவை கணவாய்க்குக் கூட்டிப்போகும், ஆறு கடக்கத் தோதான இடத்துக்கும் கூட்டிப்போகும். திடீரென்று நூல் நூலாகப் பிரிந்து காணாமலும் போகும்.

வரைபடம் இதையெல்லாம் காட்டாது. பழைய அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் தாள்களின் அளவு 1:63,360, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். மலைப்பகுதிகளில் சம உயரக் கோடுகளின் இடைவெளி பெரும்பாலும் 100 அடி. இரண்டு கோடுகளுக்கு நடுவே 80 அடிப் பாறைச் சுவர் ஒன்று ஒளிந்திருந்தாலும் தாளில் தெரியாது. பச்சை நிறம் மரத்தைத்தான் காட்டும். வெள்ளையாக விட்ட இடத்தில் ஆளுயர வில்லோ இருக்கலாம். 1:25,000 அளவில் புதிய தாள்கள் வந்துவிட்டன, அவை மேல். அவற்றோடு செயற்கைக்கோள் படத்தையும் வைத்து ஆல்டர் திட்டுகளைத் தாளிலேயே பென்சிலால் வட்டமிட்டுக்கொள்வது நல்லது. திசைகாட்டியில் காந்த விலக்கத்தை, அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, அந்த வருடத்துக் கணக்குப்படி திருத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பூங்காப் பகுதியில் அது கிழக்குப் பக்கம், பத்து டிகிரிக்கு மேல், வருடா வருடம் மாறுவது. பழைய தாளின் ஓரத்தில் அச்சடித்த எண்ணை நம்பி நடந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இறங்குவோம்.

ஆறு. இந்தப் பயணங்களில் உயிரை எடுக்கக்கூடியது கரடியைவிட ஆறுதான், ஆனாலும் இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. உறைநிலம் மழையை உறிஞ்சாது, பெய்தது அத்தனையும் ஓடையில்தான் இறங்கும். காலையில் கணுக்கால் அளவுக்கு ஓடிய நீர் சாயங்காலம் தொடை வரை வந்துவிடும். ஆனால் மழை விட்டால் இறங்குவதும் வேகமாகத்தான். அதனால் பெருகிய ஆற்றின் முன் செய்ய வேண்டிய முதல் காரியம், கூடாரம் போட்டுக் காத்திருப்பது. பனியாற்று நீர் சேரும் ஆறுகளில் விடியற்காலையில் மட்டம் குறைவாக இருக்கும், கடப்பதை அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடலாம்.

கடக்கும் இடம் குறுகலாக இருக்கக் கூடாது. ஆறு நாலைந்து கிளையாகப் பிரிந்து அகலமாகப் பரவும் இடத்தில்தான் ஆழம் குறைவு. கீழ்நீரோட்டப் பக்கம் விழுந்த மரமோ வளைவில் அரித்த கரையோ இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தால் அங்கேதான் போய்ச் சேருவோம். காதைக் கொடுத்துக் கேட்டால், அடியில் பாறைகள் உருண்டு மோதும் மந்தமான சத்தம் கேட்கும். அது கேட்டால் அன்றைக்குக் கடப்பது இல்லை. வேகமான நீரில் முழங்காலுக்கு மேல் போனாலே யோசிக்க வேண்டும். காலணியைக் கழற்றக் கூடாது. பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு வரலாம். தனியாக என்றால் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒரு நேரத்தில் ஓர் அடி. குழுவாக என்றால் பலமானவர் கோலோடு முன்னால், அவர் முதுகுப் பட்டையைப் பிடித்தபடி மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக. முன்னவர் உடைத்துவிடும் நீரில் பின்னவர்களுக்குக் கால் நிற்கும். குறுக்கே கயிறு கட்டிக் கடக்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பயிற்சி இல்லாதவரை உடலில் கட்டிய கயிறு தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும்.

கால் எப்போதும் ஈரம்தான், அதை மாற்ற முடியாது. நீர்புகாத கோர்டெக்ஸ் காலணி இங்கே உபத்திரவம் என்பது என் கருத்து: உள்ளே போன நீர் வெளியே வராது, ராத்திரியில் காயவும் செய்யாது. நீர் வடியும் காலணியும் நியோப்ரீன் அல்லது கம்பளிக் காலுறையும் போதும். கணுக்கால் பலவீனம் உள்ளவர்கள் தோல் பூட்ஸ் போடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை தூங்குவதற்கு மட்டும் என்று தனியாக, நீர்புகாப் பையில் இருக்க வேண்டும். நாள் முழுக்க ஊறிய பாதம் ராத்திரி ஏழெட்டு மணி நேரமாவது உலர்ந்து சூடாக இல்லையென்றால் மூன்றாம் நாள் தோல் வெளுத்து உரியும், பிறகு மரத்துப்போகும். குளிர் பிடிப்பதும் உறைபனி நாளில் அல்ல. 5 டிகிரி, தூறல், காற்று, இந்த மூன்றும் சேரும்போதுதான். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 750 முதல் 900 கிராம் வரை. கிராமுக்கு நாலரை கலோரிக்குக் குறையாத பண்டங்களாக எடுத்தால் ஏறக்குறைய 3,500 கலோரி கிடைக்கும். பூங்காவில் உணவு முழுவதையும் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்க வேண்டும் என்பது விதி. பூங்கா நிலையங்களில் அதை இலவசமாகக் கடன் தருகிறார்கள். பேர்வால்ட் பிவி500 என்ற டப்பா 11.5 லிட்டர் கொள்ளும், காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. பத்து நாள் சாப்பாடு ஒன்றில் அடங்காது. உலர் உணவுப் பொட்டலங்களில் பாதி காற்றுதான். ஊசியால் ஒரு துளை போட்டு, அமுக்கி, டேப் ஒட்டினால் ஒரு நாள் உணவுக்குக் கூடுதலாக இடம் கிடைக்கும். குளிரில் அந்த டப்பாவின் மூடி விறைத்துக்கொள்ளும், விரலால் தாழ்ப்பாளை அழுத்த முடியாது. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் சொருகித் தள்ளினால் திறந்துவிடும். பற்பசை, சன்ஸ்கிரீன், கொசுமருந்து, குப்பை எல்லாமே டப்பாவுக்குள்தான். பற்பசையை மறந்து கூடாரத்திலேயே வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

சமைப்பது, தூங்கும் கூடாரத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி, டப்பாக்களும் அதே அளவு தள்ளி, முடிந்தால் மூன்றும் முக்கோணமாக. சமைக்கும் இடம் காற்று வீசிப் போகும் பக்கம் இருக்க வேண்டும். நடக்கும்போது குழு பிரியக் கூடாது. வில்லோவுக்குள் நுழையும்போதும் ஓடைச் சத்தம் பலமாக உள்ள இடத்திலும் உரக்கப் பேசிக்கொண்டே போக வேண்டும். கிரிஸ்லி கரடிக்கு மனிதர் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஸ்பிரே பைக்குள் கிடந்து பிரயோஜனமில்லை, இடுப்பிலோ தோள்பட்டையிலோ இருக்க வேண்டும். அது எட்டும் தூரம் எட்டு, ஒன்பது மீட்டர்தான், எதிர்க்காற்றில் அதுவும் இல்லை.

கரடி ஸ்பிரேயையும் அடுப்பு எரிவாயு உருளையையும் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அலாஸ்காவின் நடுவிலுள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரிலோ அதற்கு அப்பாலோதான் வாங்க வேண்டும். அங்கிருந்து பெட்டில்ஸ், கோல்ட்ஃபூட், அனக்டுவுக் பாஸ் என்று மூன்று வாசல்கள். கோல்ட்ஃபூட்டுக்கு மட்டும் டால்டன் நெடுஞ்சாலையில் வண்டியிலேயே போகலாம். அனக்டுவுக் பாஸ் நுனமியுட் பழங்குடி மக்களின் ஊர். இறங்கி அங்கிருந்தே நடக்கத் தொடங்கலாம், ஆனால் சுற்றியுள்ள நிலத்தில் தனியார் பகுதிகள் உண்டு. அவர்களின் வேட்டை முகாம், வலை எதையும் தொடக் கூடாது. மற்றபடி சிறு விமானம்தான்: ஏரியில் இறங்கும் மிதவை விமானம், அல்லது கூழாங்கல் திட்டில் இறங்கும் தடித்த டயர் விமானம். பையை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். சட்டம் வைத்த பெரிய பையைவிட நாலைந்து மென்பைகளாகப் பிரித்துக் கொடுத்தால் விமானி சந்தோஷப்படுவார். ஸ்பிரே விமான அறைக்குள் வராது, மிதவைக்குள்ளோ வேறு வெளி அறையிலோ போகும். அதை முதலிலேயே விமானியிடம் சொல்லிவிட வேண்டும்.

எப்போது போகலாம்? ஜூன் பாதியிலிருந்து ஜூலை கடைசி வரை கொசு. தலையை மூடும் கொசுவலை இல்லாமல் இருக்கவே முடியாது, ஆனால் ராத்திரியிலும் இருட்டாத நாட்கள் அவை. பகலில் மழை என்றால் படுத்திருந்து ராத்திரி பத்து மணிக்கு நடக்கலாம், பலரும் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை. ஆகஸ்ட் பின்பாதியில் கொசு குறையும், புல்வெளி சிவக்கும், மழை கூடும், பனியும் விழலாம். எங்களைக் கேட்டால் ஆகஸ்ட் நடுப்பகுதி.

கூடாரம் கூழாங்கல் திட்டில் போடத் தோன்றும், தரை சமமாக இருக்கும், கொசுவும் குறைவு. ஆறு ஏறினால் முதலில் மூழ்குவதும் அதுவே. ஒரு படி மேலே உள்ள மேடு பாதுகாப்பு. ஆணி நிற்காத இடத்தில் கயிற்றைச் சிறிய கல்லில் சுற்றி, அதன் முன்னால் பெரிய கல்லை வைத்தால் எந்தக் காற்றுக்கும் தாங்கும்.

வழிகாட்டியிடம் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பூங்காவுக்குள் என்றால் தேசியப் பூங்கா சேவையின் வணிக அனுமதி இருக்கிறதா. புகலிடம் என்றால் மீன், வனவிலங்குச் சேவையின் அனுமதி. வழிகாட்டிக்கு வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்ற காட்டு முதலுதவிச் சான்றிதழ் உண்டா. அது 70, 80 மணி நேரப் பயிற்சி, இரண்டு நாள் முதலுதவி வகுப்பு அதற்கு ஈடாகாது. பொதுச் சாமானில் ஆளுக்கு எத்தனை கிலோ சுமக்க வேண்டும். ஐந்து கிலோ என்று சொன்னால் நியாயம். ஒருவர் மட்டும் மிக மெதுவாக நடந்தால் வழி எப்படி மாறும்? இதற்குத் தெளிவான பதில் வர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். முன்னரே குறித்து வைத்த குறுக்கு வழியும் மாற்று இறங்குதளமும் உள்ளவர்தான் உருப்படியான வழிகாட்டி.

வானிலையால் விமானம் தாமதமானால் ஆகும் செலவு வழக்கமாக நம் தலையில்தான். திரும்பும் பெரிய விமானத்துக்கும் கடைசி நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது விட வேண்டும். டப்பாவிலும் இரண்டு நாள் உணவு மிச்சம் இருக்க வேண்டும், முதல் வாரத்தில் அதைத் தின்றுவிடாதபடி அடியில் வைப்பது வழக்கம். கார்மின் இன்ரீச் மாதிரியான கருவி இரிடியம் செயற்கைக்கோள் வழியே வேலை செய்வதால் இங்கேயும் செய்தி போகும், குறுகிய பள்ளத்தாக்கில் சற்று நேரம் பிடிக்கும். ஏற்றிப்போக வரும் நாள் காலையில் விமானிக்கு அனுப்ப வேண்டியது நலம் விசாரிப்பு அல்ல: மேகத்தின் அடி எந்த மலையின் எந்த உயரத்தில் நிற்கிறது, பள்ளத்தாக்கில் எத்தனை மைல் தெரிகிறது, காற்று எந்தப் பக்கம், தளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா. பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. கூடாரத்தையும் மடிக்க வேண்டாம், விமானச் சத்தம் கேட்ட பிறகு மடித்தாலும் நேரம் இருக்கும்.