எலும்பு கூடியும் கை, கால் முடங்குவது ஏன்?

எக்ஸ்-ரேயில் எலும்பு கச்சிதமாகக் கூடியிருக்கும். முட்டி மடங்காது, குதிகால் தரையில் படியாது, கையை மூட வராது. பலத்த காயத்துக்குப் பிறகு இப்படி முடங்குபவர்களில் பலருக்குக் காரணம் முறிவு இல்லை, முதல் சில வாரங்களில் அந்தக் கையோ காலோ கிடந்த விதம்.

அதற்கும் முன்னால் முதல் 2 நாட்கள் இருக்கின்றன. மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா, விரலைப் பிறர் மெல்ல நீட்டினாலே அலறுகிறாரா என்று பாருங்கள். தசைக்குள் அழுத்தம் கூடுவதன் அடையாளம் இது. நாடி கிடைக்கிறது என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. தசை சாகும்போதும் நாடி துடித்துக்கொண்டிருக்கும். மாவுக்கட்டையும் அதனடியில் உள்ள பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டிப் பிரிக்க வேண்டும், காலை இதய மட்டத்தில் வைக்க வேண்டும், அறுவை மருத்துவரை உடனே வரவழைக்க வேண்டும். ரத்த ஓட்டமின்றி சுமார் 6 மணி நேரம் தாண்டினால் இழந்த தசை திரும்பாது.

இனி கிடத்தும் விதம். பாதம் காலுக்கு 90 பாகையில் நிற்க வேண்டும். போர்வையின் கனமே அதைக் கீழே தள்ளப் போதும். சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கடியில் தலையணை வைத்தே விட்டால் முட்டி மடங்கியபடி இறுகும். கால் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கி, பாதம் தூக்க வராமல் போகும். கையில் விதி வேறு: மணிக்கட்டு 20–30 பாகை பின்னால் சாய்ந்து, விரல்களின் அடிமூட்டு 70–90 பாகை மடங்கி, விரல்கள் நேராக. அடிமூட்டின் பக்கநார்கள் (மூட்டின் இருபுறமும் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள்) மடங்கிய நிலையில்தான் முழு நீளத்தில் இருக்கும். விரலை நீட்டியே கட்டினால் அவை சுருங்கி, பிறகு முஷ்டி பிடிக்க முடியாது.

மருத்துவர் தடுக்காத மூட்டுகளை முதல் நாளே அசைக்கத் தொடங்கலாம். அவரிடம் 3 கேள்விகள் கேளுங்கள்: எந்த மூட்டு, சொந்த பலத்திலா பிறர் உதவியோடா, எவ்வளவு எடை ஊன்றலாம். 20 கிலோ என்றால் எடை பார்க்கும் கருவியில் காலை ஊன்றிப் பழகுங்கள். மனக்கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும். முழங்கையை வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பயிற்சிக்குப் பின் வலி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ மறுநாள் வீக்கம் கூடினாலோ அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

நரம்பு அறுந்து தைக்கப்பட்டிருந்தால் பொறுமைக்கு வேறு கணக்கு. அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தான் வளரும். அது தசையை எட்டும்வரை மூட்டு இளகியிருக்க வேண்டும். இறுகிய மூட்டுக்கு நரம்பு திரும்பி என்ன பயன்? மரத்த தோலைத் தினமும் கண்ணால் பாருங்கள். சூடும் உரசலும் அங்கே தெரியாது.

முட்டிக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவர்கள், மருத்துவர் அனுமதித்தபின், குப்புறப் படுப்பதை நாளுக்கு 3 முறை, 15–20 நிமிடம் செய்தால் இடுப்பு மடங்கி இறுகாது. மீதிக்காலின் கட்டு எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் வர வேண்டும். வட்ட வட்டமாகச் சுற்றினால் நுனி உருண்டு வீங்கும், செயற்கைக் கால் பொருந்தாது. 4–6 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும், காயத்தின் மேல் ஒட்டவைத்த தோலும் கெடலாம். இதில் பேரம் கிடையாது.

எலும்பு வெளியே தெரிந்த முறிவில் கிருமி வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். ஆறிய தழும்பில் சிறு துளை, கசிவு, புதிதாக வலி என்றால் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாக விழுங்காதீர்கள். சோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும். மாதிரி எடுத்த பிறகே மருந்து தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடும் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.