கோபுர உச்சியில் இரண்டு எழுத்து

போன ஆனியில் மகளைப் பார்க்க இங்கிலாந்தில் டெர்பி போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகைக்குக் கூட்டிப்போனாள். தூரத்திலிருந்தே ஆறு கோபுரமும் தெரிந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் கல்லில் வெட்டிய பெரிய எழுத்துகள்: ஈ, எஸ்.

"அம்மா, நம்ம வீட்டு விலாசம் மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் முகப்புக்கு மேலேயும், கஜலட்சுமிக்குக் கீழே, குடும்ப விலாசம் சுதையில் நிற்கிறது. விலாசம் என்றால் எங்கள் பக்கம் குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகள். ஆனால் ஹார்ட்விக்கில் நிற்பது ஒரு பெண்ணின் பெயர். எலிசபெத் ஷ்ரூஸ்பரி. பெஸ் என்பார்கள். 1590-ல் வேலை தொடங்கியது; அதே வருஷம் நான்காவது கணவர் இறந்துபோனார். 1597-ல் குடிபுகும்போது அவருக்கு எழுபது வயதாவது இருக்கும்.

வீட்டை வகுத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். 'சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம்' என்று அந்த ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். கண்ணாடி பொன்போல விலை விற்ற காலம் அது. புகைபோக்கிகளை உள்சுவர்களுக்குள் ஏற்றிவிட்டதால் வெளிச்சுவர் முழுக்க ஜன்னலுக்குக் கிடைத்திருக்கிறது. மாடி ஏற ஏற கூரையும் உயர்கிறது, ஜன்னலும் உயர்கிறது. வேலைக்காரர்கள் புழங்கிய கீழ்த்தளம் தணிவு, விருந்தாளிகளை வரவேற்கும் மேல்தளம்தான் ஆகாசம்போல. வெயிலுக்கு ஏங்குகிற சீமை. கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் பக்கவாட்டில் வாரி எடுக்கிறார்கள். நமக்கோ வெயிலை வெளியே நிறுத்த வேண்டும். தெருப்பக்கம் கனத்த சுவர், உள்ளே வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, மேலே திறந்த வானம்.

வாசல் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். பெரிய கூடம் முன்வாசலிலிருந்து பின்பக்கம் வரை நேராக ஓடுகிறது. அதற்கு முந்தைய ஆங்கிலேய வீடுகளில் கூடம் குறுக்கேதான் கிடக்குமாம். இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் முகப்பு நிலையில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை ஒரே கோடு. சின்ன வயதில் அங்கே நின்று, கடைசிக் கட்டில் இருக்கும் அப்பத்தாவைக் கூவிக் கூப்பிடுவேன்.

கட்டட வேலைக் கணக்கில் பெஸ் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அப்பத்தா நினைப்புதான். எங்கள் இரண்டாம் கட்டு 1936-ல் எழும்பியபோது ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில். பர்மா தேக்கு வந்து இறங்கியது, சுண்ணாம்பு அரைத்தது, பூச்சுக்கு முட்டை எத்தனை, கடுக்காய் எத்தனை, கொத்தனாருக்கு என்ன கூலி எல்லாம் அப்பத்தா கையெழுத்தில் ஒரு நோட்டில் இருக்கிறது. பெட்டகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். முகப்பு விலாசத்தில் இருப்பதெல்லாம் ஆண்கள் எழுத்து.

தை மாதம் இரண்டாம் கட்டுக்கு மராமத்து வைத்திருக்கிறோம். பங்காளிகளிடம் பேசிவிட்டேன், பெரியவர் ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். உள்நிலைக்கு மேலே, வளவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், அப்பத்தா பெயரின் முதல் எழுத்தைச் சுதையில் வைக்க வேண்டும். அளவு எடுக்க வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார்.