பாண்டியில் வீடு தேடினோம், தரகர் காட்டியது தமிழ்நாட்டில்

பாண்டியில் வீடு தேடுகிறவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்த வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது, பள்ளிக்கூட அலுவலக சன்னலிலிருந்து ஃபைல் திரும்பி வரும் வரைக்கும்.

என் வீட்டுக்காரருக்குக் கடலூருக்கு மாற்றல். எனக்குப் பாண்டியில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு லேபில் வேலை. மூத்தவன் இரண்டாம் வகுப்பு, சின்னவள் எல்.கே.ஜி. சேர வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எங்கே குடியிருந்தாலும் யாரோ ஒருவர் தினமும் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அவருக்குக் கடலூர்தான் பிடித்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் வீடு பிடித்தால் ஆபீசுக்கு நடந்தே போகலாம், வாடகையும் குறைவு, சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தின் தொல்லை கிடையாது. நியாயமான பேச்சுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணை கரை புரண்டதை அங்கே இருக்கிறவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அதைக் கேட்டதும் கேப்பர் மலைப் பக்கம் மேட்டில் பார்க்கலாம் என்றார். பழைய நகரத்தைத் தாண்டி சிதம்பரம் சாலையில் சிப்காட் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். சின்னவளுக்கு வீசிங் உண்டு, ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்து பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

கடைசியில் முடிவு செய்தது வெள்ளமும் இல்லை, வாடகையும் இல்லை. "பாப்பாவுக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் முதலில் போய் நிற்க முடியும்? அவர் சீட்டை விட்டு எழுந்து வர முடியாது. என்னால் முடியும். நான் இருக்கப்போவது கோரிமேட்டில். பள்ளி கடலூரில் இருந்தால் மரப்பாலம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை, ஆல்பேட்டை என்று ஒவ்வொன்றாகக் கடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை துவண்டுவிடும். மரப்பாலம் சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள், புரியும். வேலை இரண்டு ஊரில் என்றால், பள்ளி போனுக்கு ஓடப்போகிறவரின் பக்கம்தான் வீடு. இதை மட்டும் முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பாண்டிதான் என்று முடிவானது. அப்புறம்தான் கூத்து.

தரகர் காட்டிய வீடு நன்றாக இருந்தது. இரண்டு படுக்கையறை, முதல் மாடி, காற்றோட்டம், "பீச்சு நடந்துபோற தூரம் மேடம்". முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே. விலாசத்தில் புதுச்சேரி என்று போட்டிருந்தார், பின்கோடும் 605 என்றுதான் தொடங்கியது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். தரகரே புதுச்சேரி முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் தயார் செய்துகொண்டு வந்தார். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால், சன்னலுக்கு உள்ளே இருந்தவர் விலாசத்தை ஒருமுறை பார்த்தார், முத்திரைத்தாளை ஒருமுறை பார்த்தார், "மேடம், இது கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டம். லோக்கல் அட்ரஸ் ப்ரூஃப்னு இதை நான் வாங்க முடியாது" என்று தள்ளிவிட்டார். அவர் சொன்னது சரி. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரிக்கிற மாதிரி, "புரோக்கர் சொன்னா நம்பிடுவீங்களா?" என்றார். அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

கோட்டக்குப்பத்தை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் காகிதங்களோடு இருக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல இடம்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், முத்தியால்பேட்டையில் நடக்க ஆரம்பித்தால் கடைகள் விடாமல் தொடர்ந்து வரும், எல்லை எங்கே முடிந்தது என்று காலுக்குத் தெரியாது. புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கும் ஊர் இல்லை. கிழிந்த துணியைப் போலத் தமிழ்நாட்டுக்குள்ளே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆரோவில்லுக்குப் போகிற வழியெல்லாம் விழுப்புரம் மாவட்டம், தெற்கே ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம், அதே சாலையில் வரும் கிருமாம்பாக்கம் புதுச்சேரி. பின்கோடை நம்பவே நம்பாதீர்கள். விழுப்புரம் நகரமே 605602தான். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு 607.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழியை மளிகைக்கடை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். "கரண்ட் பில்லக் காட்டச் சொல்லுங்கம்மா." மாதா மாதம் புதுச்சேரி மின்துறை பில் வந்தால் புதுச்சேரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தமிழ்நாடு மின்வாரியக் கணக்கு என்றால் தமிழ்நாடு. தரகர் பொய் சொல்லலாம், மீட்டர் சொல்லாது. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் பில்லைத்தான் கேட்டேன். ஒரு வீட்டம்மா முகம் சுளித்தார், இன்னொருவர் பாராட்டினார்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி சமச்சீர். நாளைக்குப் புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாகக் கல்லூரி இடம் கேட்டால் புதுச்சேரியில் தொடர்ந்து 5 ஆண்டு குடியிருந்ததற்குச் சான்று கேட்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி இருந்தாலும் கணக்கில் வராது. டோக்கன் பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மீதியை "பேப்பர் செலவு" என்று கழித்துவிட்டார்கள், செல்லாத பேப்பருக்கு.

அடுத்தது மழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. இதெல்லாம் தெரிந்துதான் போனோம். நகரத்துக்குள் தாழ்வான ஒரு பகுதியில் தரைத்தள வீடு, வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வீட்டு உரிமையாளர் "இங்க தண்ணியே நிக்காதும்மா" என்று சத்தியம் செய்யாத குறை.

உள்ளே சுவர் முழுக்கப் புது பெயின்ட். பளபளவென்று இருந்தது. என் மகன்தான் வாசல் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, "அம்மா, இங்க மட்டும் கலர் வேற" என்றான். இரும்பு கேட்டில் அவன் இடுப்பு உயரத்துக்குத் துருக்கோடு நேராகப் போயிருந்தது, அதற்கு மேலே பழைய பச்சை அப்படியே இருந்தது. எதிர்வீட்டு மதில் சுவரிலும் அதே உயரத்தில் காவி நிறக் கோடு. படிக்கட்டுக்குக் கீழே இருந்த மோட்டார் புதிதாகக் கட்டின மேடையில், என் மார்பு உயரத்தில் உட்கார்ந்திருந்தது. பெயின்ட் அடித்தவர் கேட்டை மறந்துவிட்டார், பாவம்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் விசாரித்தபோது ஒன்று கற்றுக்கொண்டேன். "தண்ணி வருமா?" என்று கேட்டால் யாரும் தெருவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "ஃபெஞ்சலுக்கு எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள், தாராளமாகப் பேசுவார்கள். கடைக்காரம்மா ஃபிரிட்ஜ் மிதந்த கதையையே சொன்னார்.

வீடு தேடுகிற அதே சமயத்தில் பழைய பள்ளியோடு ஒரு போராட்டம். டி.சி. கேட்டால், மே மாதத்தில் கேட்டதால் அடுத்த ஆண்டு முதல் பருவக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் வரை நேரில் போனார். "கம்ப்யூட்டர் மேடம் லீவு சார்" என்று அனுப்பிவிட்டார்கள். டி.சி. காகிதம் மட்டும் இருந்தாலும் போதாது, இதைப் பலர் சொல்வதில்லை. பழைய பள்ளி தமிழ்நாட்டு மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையை காமன் பூலுக்கு, அதாவது பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியலுக்கு, விட வேண்டும், மத்திய அரசின் பதிவுத் தளமான யூடைஸ் பிளஸ்ஸிலும் விடுவிக்க வேண்டும். விடாவிட்டால் புதிய பள்ளி பிள்ளையின் நிரந்தர எண்ணான பென் எண்ணைத் தட்டினால் "இன்னொரு பள்ளியில் படிக்கிறார்" என்றே காட்டும். இங்கே ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது, அங்கே கம்ப்யூட்டர் மேடம் வரவில்லை.

நல்லவேளை, கூட வேலை செய்கிற ஒரு அக்கா விஷயம் தெரிந்தவர். டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருப்பதைக் குறிப்பிட்டு, பள்ளி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார். மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் போட்டேன். கோபமாக ஒரு வார்த்தை இல்லை, தேதியும் பிள்ளையின் எமிஸ் எண்ணும் மட்டும். அன்று சாயந்திரமே பூலில் விட்டாயிற்று என்று போன் வந்தது. கம்ப்யூட்டர் மேடம் லீவிலிருந்து எப்படித் திரும்பினார் என்று நான் கேட்கவில்லை. சின்னவளின் சேர்க்கை பிறப்புச் சான்றிதழோடு ஒரே நாளில் முடிந்தது.

வீடு கடைசியில் லாஸ்பேட்டையில் கிடைத்தது, மேட்டுப் பகுதி, முதல் மாடி. தரகர் இல்லாமல், சுவரில் தொங்கின டு-லெட் போர்டைப் பார்த்து. தண்ணீரை அங்கேயே ஒரு டம்ளரில் பிடித்து வாயில் ஊற்றிப் பார்த்தேன். கடலோரம் பார்த்த வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரித்தது, குழாய் மூக்கெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. பிள்ளைகளைத் தினமும் அதில் குளிப்பாட்டினால் தோல் என்ன ஆகும்? இது பரவாயில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்த் தெருவைப் பார்த்தோம், அதுவும் சனிக்கிழமை. பகலில் சாதுவாக இருக்கிற தெருமுனை இரவில் பார் வாசலாக மாறுவது இந்த ஊரில் சகஜம். இங்கே முனையில் இஸ்திரி வண்டியும் ஒரு பால் பூத்தும்தான்.

என் வீட்டுக்காரர் காலையில் பைக்கில் புதிய பேருந்து நிலையம் போய்க் கடலூர் பஸ் பிடிக்கிறார். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் எதிர்ப்பக்கம் கடலூர் போகிற பஸ்களை நிறுத்திப் பையைத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே வருவாராம். அலுப்பாக இருக்கிறது என்கிறார், ஆனால் கடலூரில் குடியிருந்திருக்கலாம் என்று இப்போது சொல்வதில்லை.

பள்ளி வேனுக்குப் பணம் கட்டும் முன் டிரைவர் அண்ணனிடம் ரூட்டைக் கேட்டேன், ரயில்வே கேட் எங்காவது வருமா என்று. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. "நம்ம ரூட்ல கேட்டே கிடையாதும்மா" என்றார். அடுத்த நாள் காலை நானே ஸ்கூட்டியில் வேனுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பணம் கட்டினேன்.