டபிள்யூஎஸ்இடி லெவல் 3: புளி பழகிய நாக்குக்கு டேஸ்டிங் பேப்பர்

டபிள்யூஎஸ்இடி என்ற பிரிட்டிஷ் ஒயின் கல்வி அமைப்பின் லெவல் 3 தேர்வு முடிவு வந்த கையோடு எழுதுகிறேன். தியரியின் 50 கொள்குறி வினாக்களையும் நான்கு எழுத்து வினாக்களையும் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அதில் நன்றாகத் தேறிவிட்டு, டேஸ்டிங்கில் 55 சதவீதம் எட்டாமல் போகிறவர்களுக்காக இது. இரண்டு ஒயின், 30 நிமிடம், அவ்வளவுதான் பேப்பர். ஆனால் அதற்கான பயிற்சியைப் பலரும் தப்பான இடத்தில் செய்கிறார்கள்.

இது எந்தத் திராட்சை, எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதற்கு லெவல் 3-இல் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. கிடையாது என்பதோடு நிற்காமல், அது கெடுதலும் செய்யும். மோந்ததும் ‘இது ஷாப்லி’ (பிரான்சின் ஒரு வெள்ளை ஒயின்) என்று மனம் முடிவு கட்டிவிட்டால், அசிடிட்டிக்கு, அதாவது புளிப்புக்கு, நேரே கை தானாக ‘ஹை’ என்று எழுதிவிடும். கிளாஸில் இருப்பதைக் கேட்கவே மாட்டோம்.

நம் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள் அதிகம் சறுக்குவது அசிடிட்டியில்தான். புளிக்குழம்பும் ரசமும் எலுமிச்சை ஊறுகாயும் பழகிய நாக்குக்கு எந்த ஒயினும் பெரிதாகப் புளிக்காது. நியூசிலாந்தின் மார்ல்பரோ சாவின்யோன் ப்ளாங்குக்கே ‘மீடியம்’ போடுவார்கள். ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங் இன்னும் மோசமாக ஏமாற்றும். அதில் மிச்சமிருக்கும் சர்க்கரை புளிப்பை மூடிவிடும். அதனால் ‘புளிக்கிறதா’ என்று நாக்கைக் கேட்காதீர்கள். எச்சிலைப் பாருங்கள்.

சுமார் 10 மில்லி எடுத்து, பத்து நொடி வாய் முழுக்கச் சுழற்றித் துப்புங்கள். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வையுங்கள். நாக்கின் அடியிலும் கன்னத்தின் உள்பக்கமும் எச்சில் ஊறி வெளியே வரப் பார்க்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் ஹை. ஊறி உடனே அடங்கிவிட்டால் மீடியம் மைனஸ் அல்லது லோ. மனதுக்குள் எண்ணிக்கொண்டே செய்து பழகினால் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு பிடிபடும். இந்தத் தேர்வுக்கு ஒரே ஒரு விஷயம்தான் பழக நேரம் இருக்கிறது என்றால் இதைப் பழகுங்கள்.

வீட்டில் பழக ஒயின்கூட வேண்டாம். மூன்று பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் எடுத்து, டார்டாரிக் ஆசிட் (திராட்சையில் உள்ள புளிப்புப் பொருள்) 1 கிராம், 2 கிராம், 4 கிராம் கரையுங்கள். நான்காவது பாட்டிலில் 4 கிராம் ஆசிட்டோடு 40 கிராம் சர்க்கரை. நாக்குக்கு நான்காவது, மூன்றாவதை விடப் புளிப்புக் குறைவாகத் தெரியும். எச்சிலோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஊறும். ரீஸ்லிங்கில் நடப்பது இதுதான். எல்லாவற்றையும் துப்பிவிடுங்கள், ஆசிட் பல்லுக்கு ஆகாது. முடித்த உடனே பல் துலக்கவும் வேண்டாம்.

ஒயினில் துவர்ப்பைத் தரும் டானினில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. துவர்ப்பு என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறோம். வாழைப்பூவும் நாவல்பழமும் கொட்டைப்பாக்கும் தின்ற வாய்க்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டாம். தப்பு நடப்பது துவர்ப்பையும் கசப்பையும் ஒன்றாக்கும்போது. கசப்பு ஒரு சுவை, நாக்கில் தெரியும். துவர்ப்பு ஒரு தொடுவுணர்வு; மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே நாக்கை ஓட்டினால் வழுக்காமல் பிடிக்கும். அங்கேதான் அளக்க வேண்டும். பால் சேர்க்காத டீயை 200 மில்லி கொதிநீரில் ஒரு பை வீதம் 1, 4, 10 நிமிடம் ஊறவைத்து, ஆறியதும் வரிசையாகக் குடித்துப் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். இத்தாலியின் பரோலோ சிவப்பு ஒயின் வெளிறிய கார்னெட்டாக (செங்கல் சாயலுள்ள சிவப்பாக) இருக்கும், டானினோ ஈறைப் பிடித்து இழுக்கும்.

ஆல்கஹாலுக்கு: 40 சதவீத வோட்கா 25, 32, 38 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் தண்ணீரால் 100 மில்லி ஆக்கினால் ஏறத்தாழ 10, 13, 15 சதவீதம். துப்பிய பிறகு வாயால் மூச்சை இழுங்கள், தொண்டையில் சூடு தெரியும். 11-க்குக் கீழே லோ, 13.9 வரை மீடியம், 14-இலிருந்து ஹை.

ஆல்கஹாலுக்கு மூன்று படிதான்; அசிடிட்டி, டானின் போன்றவற்றுக்கு லோ, மீடியம் மைனஸ், மீடியம், மீடியம் ப்ளஸ், ஹை என்ற ஐந்து படி அளவில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். ‘மீடியம் முதல் மீடியம் ப்ளஸ்’ என்று இரண்டு பக்கமும் கால் வைத்தால் அந்த மதிப்பெண் போச்சு. முதலில் லோவா, ஹையா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் மீடியத்தின் எந்தப் பக்கம் என்ற கேள்வி.

இனி வாசனைச் சொற்கள்.

டபிள்யூஎஸ்இடி தரும் வாசனைச் சொற்பட்டியலில் உள்ள கூஸ்பெரி நம் நெல்லிக்காய் அல்ல. அது ஐரோப்பாவின் வேறொரு செடி, பிளாக்கரன்ட்டுக்கு உறவு. நெல்லிக்காயை மோந்து பழகிவிட்டு சாவின்யோன் ப்ளாங்கில் அதைத் தேடினால் கிடைக்காது. கடையில் பிளாக்கரன்ட் என்று விற்கும் உலர்பழம் பல சமயம் சின்னக் கறுப்புத் திராட்சைதான். உண்மையான மணம் வேண்டுமென்றால் காசிஸ் லிக்கரை மோந்து பாருங்கள்.

நம் சமையலறையிலேயே இருப்பவையும் உண்டு. பச்சைக் குடமிளகாயை நறுக்கி மோந்து பாருங்கள். கேபர்னே சாவின்யோனில் வரும் பச்சை வாசனைக்குக் காரணமான பைரசின் இதிலும் இருக்கிறது. மிளகை இடித்தால் சிரா என்ற சிவப்பு ஒயினில் உள்ள அதே மணப்பொருள், ரோட்டண்டோன். கிராம்பும் வெனிலாவும் ஓக் பீப்பாயிலிருந்து வருபவை. வெண்ணெய் வாசனை மாலோலாக்டிக்கில் (பாக்டீரியா புளிப்பை மென்மையாக்கும் மாற்றத்தில்) உண்டாகும் டையசெட்டைல்.

‘சிட்ரஸ்’ என்று குடும்பப் பெயரோடு நிறுத்தாமல் எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் என்று பழத்தைச் சொல்லுங்கள். வாசனையில் எழுதியதுதானே என்று வாய்ப்பகுதியில் விட்டுவிடாதீர்கள். அங்கும் பெயர் பெயராக எழுத வேண்டும். பிரைமரி (பழம், பூ போன்ற வாசனை) மட்டும் ஆறு எழுதிவிட்டு, ஓக் தெரிந்தும் செகண்டரியை (ஓக், வெண்ணெய் போலத் தயாரிப்பில் சேரும் வாசனையை) விட்டால் நஷ்டம். ஓக்கே இல்லாத ஒயினில் வெனிலாவைக் கற்பனை செய்வதும் நஷ்டம்தான்.

தரத்துக்கு வெறும் ‘வெரி குட்’ போதாது. பேலன்ஸ், ஃபினிஷின் (துப்பிய பிறகும் நிற்கும் சுவையின்) நீளம், இன்டென்சிட்டி, காம்ப்ளெக்ஸிட்டி நான்குக்கும் காரணம் வேண்டும், அது மேலே எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். ஃபினிஷ் ‘ஷார்ட்’ என்று மேலே போட்டுவிட்டு கீழே நீளத்தைப் புகழ்ந்தால் காப்பாற்ற வழியில்லை. இன்னும் வைக்கலாமா என்ற கேள்விக்கும் இதே கதை: தாங்கி நிற்க அசிடிட்டியோ டானினோ இருக்கிறதா, மாறுவதற்குப் பழம் மிச்சமிருக்கிறதா என்று சொல்லுங்கள்.

தேர்வு அன்றைக்கு:

பல் துலக்குவது இரண்டு மணி நேரம் முன்பே. பற்பசையின் நுரைப்பொருள் இனிப்பை அமுக்கிக் கசப்பைக் கூட்டும்.

சென்ட், தலையில் மல்லிகை, காபி வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

கிளாஸில் வருவது 50 மில்லி அளவுதான். நான்கைந்து வாய்க்கு மேல் இல்லை. முதல் வாயை அசிடிட்டிக்கும் இனிப்புக்கும் மட்டும் செலவிடுங்கள்.

வெள்ளை ரொம்பச் சில்லென்று வந்தால் மணம் எழும்பாது. கிளாஸின் கிண்ணப் பகுதியை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்திப் பிடித்து, மறுபடி மோந்து பாருங்கள்.

இரண்டின் நிறத்தையும் மூக்கையும் முதல் 10 நிமிடத்தில் எழுதிவிடுங்கள். பிறகு வெள்ளையை வாயில், அதன் பிறகு சிவப்பு. துவர்ப்பு வாயில் ஒட்டிக்கொண்டால் வெள்ளையை அளக்க முடியாது. கடைசி 7 நிமிடம் தரத்துக்கும் காரணத்துக்கும்.

எழுதி முடித்ததும் அசிடிட்டி வரியை மட்டும் இன்னொரு வாய் எடுத்துச் சரிபாருங்கள். ‘மீடியம்’ என்று எழுதியிருந்து, துப்பிய பிறகும் எச்சில் நிற்காமல் ஊறினால், அடித்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.