எங்கள் பள்ளி மணியும் ஒரு பட்டன் பேட்டரியும்

எங்கள் பள்ளியில் மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான். அதை அடித்துக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் அண்ணன் போன வருடம் மே கடைசியில் ஓய்வு பெற்றார். எட்டு பீரியடுக்கும் யார் மணி அடிப்பது என்ற பேச்சு வந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "மிஸ், நம்மகிட்டதான் ஆர்டுவினோ இருக்கே, நாமளே பண்ணலாம்" என்றார்கள். ஆர்டுவினோ என்பது நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்னணு போர்டு. அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் தனிக் கடிகாரம் எதுவும் வைக்கவில்லை. எங்களிடம் இருந்த ஆர்டுவினோ வகையான ஊனோ போர்டிலேயே மில்லிஸ் என்ற கட்டளை இருக்கிறதே, போர்டு உயிர்பெற்றதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று சொல்லிவிடும், அதை வைத்து மணி கணக்கிடலாம் என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலை சரியாக வைத்தோம். வியாழன் மாலை 5 நிமிடம் பிந்தியிருந்தது. ஊனோவின் மூளைக்குத் தாளம் போடுவது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அதில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். அப்படி வந்தால் ஒரு நாளைக்கு 7 நிமிடம். எல்ஈடி மினுக்க அது போதும், மணி காட்டப் போதாது. தவிர, ஒரு முறை கரண்ட் போனால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத வாரம் கிடையாது.

அதனால்தான் ஆர்டிசி, அதாவது ரியல் டைம் கிளாக். நேரத்தை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு சிப், பக்கத்தில் ஒரு பட்டன் பேட்டரி. கரண்ட் இருந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். ஊனோ கேட்கும்போது பதில் சொல்லும். நாலே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், தகவல் போகும் எஸ்டிஏ-வுக்கு ஊனோவின் ஏ4, அதற்குத் தாளம் போடும் எஸ்சிஎல்-லுக்கு ஏ5.

இதில் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விநோதமான எண் என்று வகுப்பில் கேட்டேன். ஒரு பையனைக் கரும்பலகைக்கு அழைத்து, இதைப் பாதியாக்கிக்கொண்டே போ என்றேன். 16,384, 8,192, 4,096... பின்னாலிருந்து ஒருத்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சரியாகப் பதினைந்தாவது முறை 1 வந்தது. வகுப்பே "ஓ" என்றது. சிப்புக்குள் நடப்பதும் இதேதான்: பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு.

இன்னொரு நாள், லைப்ரரி (பிறர் எழுதித் தந்த தயார் நிரல்) எதுவும் இல்லாமல் விநாடியை நேரடியாகப் படிக்கச் சொன்னேன். 7, 8, 9, அப்புறம் 16. சிப் பழுதாகிவிட்டது என்றார்கள். பழுதில்லை. அது பத்தாம் இட எண்ணையும் ஒன்றாம் இட எண்ணையும் தனித்தனியாக நான்கு நான்கு பிட்டில் வைக்கிறது. பத்து என்பதை 1, 0 என்று பிரித்து வைத்ததை நாம் ஒரே இரும எண்ணாகப் படித்தால், ஐந்தாம் பிட்டின் மதிப்பு 16 என்பதால், 16 ஆகிவிடும். லைப்ரரி செய்யும் வேலை என்ன என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

இப்போது ஆகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

கடிகாரத்துக்கு முதல் முறை நேரம் சொல்லிக்கொடுக்க, ஆர்டிசிலிப் என்ற லைப்ரரியோடு வரும் மாதிரி நிரல்களில் அட்ஜஸ்ட் என்று ஒரு வரி இருக்கும். நிரல் கம்பைல் ஆன (போர்டுக்குப் புரியும் வடிவத்துக்கு லேப்டாப்பில் மாற்றப்பட்ட) நேரத்தை எடுத்து சிப்பில் எழுதுகிற வரி. நான் லேப்டாப்பை, மணிப் பெட்டி இருந்த ஆபீஸ் அறைக்கே எடுத்துப்போய், மாலை 4:02-க்கு நிரலை ஏற்றினேன். அடாப்டர் ஏற்கெனவே செருகியிருந்ததால் யுஎஸ்பியை உருவியபோதும் போர்டு நிற்கவில்லை. 4:10-க்குக் கடைசி மணி சரியாக அடித்தது. மறுநாள் காலையும் எல்லாம் சரி. பதினொரு மணி வாக்கில் கரண்ட் போய், 11:10-க்கு வந்தது. போர்டு புதிதாக எழுந்தது, எழும்போதெல்லாம் ஒரு முறை ஓடும் செட்டப் பகுதியை முதலிலிருந்து ஓட்டியது, அந்த வரியையும் சேர்த்து. பேட்டரி பத்திரமாகக் காத்து வைத்திருந்த சரியான நேரத்தின் மேல் நேற்றைய 4:02 எழுதப்பட்டது. எட்டு நிமிடம் கழித்து, 11:18-க்கு, வீட்டுக்குப் போகும் நீண்ட மணி அடித்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிட்டார்கள். கேட்டைத் தாண்டினால் மெயின் ரோடு. பி.டி. சார் ஓடிப்போய் மறித்தார். ஹெச்.எம். "சரி பண்ணிடுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: நேரம் வைக்க ஒரு நிரல், மணி அடிக்க வேறு நிரல். முதலாவதை ஒரே ஒரு முறை ஏற்றி, உடனே அதன் மேல் இரண்டாவதை ஏற்றிவிடுங்கள். அட்ஜஸ்ட் வரி இரண்டாவதில் இருக்கவே கூடாது. 'பேட்டரி போயிருந்தால் மட்டும் அட்ஜஸ்ட் செய்' என்று லாஸ்ட்பவர் சோதனை போடுகிறார்கள், அதுவும் எனக்கு ஒப்பவில்லை. என்றைக்கோ கம்பைல் ஆன நேரத்தை அப்போது எழுதி என்ன பயன்? எங்கள் பெட்டியில், பேட்டரி போயிருந்தது என்று அந்தச் சோதனை சொன்னால் சிவப்பு எல்ஈடி எரியும், மணி அடிக்காது. தப்பான மணியைவிட அடிக்காத மணி மேல். தண்டவாளத் துண்டு அங்கேயேதான் தொங்குகிறது.

அப்புறம் பேட்டரி. கடையில் மலிவாகக் கிடைக்கும், இசட்எஸ்-042 என்று அச்சிட்ட நீல போர்டைத்தான் நாங்களும் வாங்கினோம். அதில் சார்ஜ் செய்யும் சர்க்யூட் ஒன்று இருக்கிறது, மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய எல்ஐஆர் 2032-க்காக. நாம் போடுவதோ பெரும்பாலும் சாதாரண சிஆர் 2032. அதற்கு சார்ஜ் ஏற்றவே கூடாது; உப்பிவிடும், கசியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சின்ன கண்ணாடி டயோடும், அதன் அருகே 201 என்று எழுதிய, எள்ளளவு ரெசிஸ்டரும் தெரியும். 201 என்றால் 200 ஓம். அந்த ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் சோல்டர் அயர்னை மாறி மாறித் தொட்டு, ஈயம் இளகியதும் ட்வீசரால் பக்கவாட்டில் தள்ளினேன். இரண்டு விநாடி வேலை. அதைச் செய்யாமல் எந்தப் பிள்ளையின் கையிலும் அந்த போர்டைக் கொடுக்க மாட்டேன். 230 வோல்ட் மணிக்கும், ஊனோ சொன்னால் அதற்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலேவுக்குமான ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் செய்தார். அதன் பக்கம் பிள்ளைகளை விடவில்லை.

எந்த சிப் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: டிஎஸ் 1307 வேண்டாம், டிஎஸ் 3231 வாங்குங்கள். ஏப்ரலில் இரண்டையும் லேபில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம். ஊனோ சிப்பைக் கூப்பிடும் முகவரி இரண்டுக்கும் ஒன்றே, ஹெக்சில் (பதினாறடிமான எண்ணில்) 68, அதனால் இரண்டு ஊனோ தேவைப்பட்டது. முப்பது நாளில் 1307 கிட்டத்தட்ட 50 விநாடி பிந்தியது. படிகம் 25 டிகிரிக்குத்தான் சரியாக வெட்டப்பட்டிருக்கும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். எங்கள் லேபோ ஓட்டுக் கூரை. 3231 தன் சூட்டை 64 விநாடிக்கு ஒரு முறை தானே அளந்து, அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிழை. வருடத்துக்கு ஒரு நிமிடம்போல.

மே மாதம் முழுக்க மெயின் ஸ்விட்சை அணைத்து, ஆபீஸைப் பூட்டி வைத்திருந்தார்கள். இந்த ஜூனில் திறந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடியது அந்தப் பெட்டியிடம்தான். போன் நேரத்தோடு ஒப்பிட்டார்கள்: ஆகஸ்டில் வைத்ததிலிருந்து 17 விநாடி வித்தியாசம். "சரி பண்ணிடலாமா மிஸ்?" என்றாள் ஒருத்தி. வேண்டாம், வருடம் முடியட்டும், மொத்தம் எத்தனை என்று பார்ப்போம் என்றேன். பெட்டிக்கு மேலே சுவரில் தேதியையும் 17-ஐயும் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள்.